ஆர்என்ஏ-3 அள்ளிக்கொண்டு வருகிறது, தட்டில் இரத்தம் சிதையவில்லை: ஸ்டெஃப் ஆரியஸின் ஏஜிஆர்

இரட்டைச்சுருள் எழுதியது:

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மூன்று ஐசொலேட்டுகள் (நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த வளர்ப்புகள்). ‘அ’ தொடையில் வந்த சீழ்க்கட்டியிலிருந்து எடுத்தது. ‘ஆ’ மருந்து கொடுத்தும் ஒன்பது நாள் இரத்தக் கல்ச்சர் பாசிட்டிவாகவே இருந்த நோயாளியுடையது. ‘இ’ கதீட்டர் முனையில் வளர்ந்தது. மூன்றிலும் ஏஜிஆர் (செல்கள் அடர்ந்து கூடியதை உணர்ந்து நச்சுகளைத் திறந்துவிடும் மரபணுச் சுற்று) வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

செய்தது இவ்வளவுதான்: மூடி போட்ட 15 மில்லி குழாயில் 10 மில்லி டிஎஸ்பி வளர்ப்பு ஊடகம், 37 டிகிரி, 16 மணி நேரம். டிரைசால் கரைசலில் ஆர்என்ஏ எடுத்து, ஜைர்-பி மரபணுவை ஒப்பீட்டுக்கு வைத்து கியூபிசிஆர் (அளவு சொல்லும் பிசிஆர்). கூடவே மனித இரத்த அகார் தட்டில் கோடிழுத்து 24 மணி நேரம்.

ஆர்என்ஏ-3 (ஏஜிஆர் எரிந்தால் வரும் ஆர்என்ஏ) சிடி மதிப்பு (சிக்னல் தெரியத் தொடங்கும் சுற்று, குறைந்தால் ஆர்என்ஏ அதிகம்): அ 9, ஆ 17, இ 10. ஜைர்-பி மூன்றிலும் 20-லிருந்து 22-க்குள். தட்டில் அ-வைச் சுற்றி, செங்குருதியணு சிதைந்த மெல்லிய வளையம். ஆ, இ இரண்டிலும் ஒன்றுமில்லை.

அ பாசிட்டிவ், ஆ நெகட்டிவ் என்று எழுதிவிடலாம் போலிருக்கிறது. இ-தான் இடிக்கிறது. இரண்டில் எதை நம்புவது? நோயாளியின் உடம்புக்குள் நடந்ததை இந்த அளவீடு சொல்கிறதா என்பதும் தெரிய வேண்டும்.

ஊதா_கோக்கை எழுதியது:

நீங்கள் அளந்த இரண்டும் ஒரே சுற்றின் வெவ்வேறு இடங்கள். சுற்றை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இ எங்கே சிக்கியிருக்கலாம் என்று தெரியும்.

ஏஜிஆர்-டி ஒரு சிறிய முன்புரதம், 46 அமினோ அமிலம். சவ்வில் இருக்கும் ஏஜிஆர்-பி அதை வெட்டி, வாலை வளைத்து முடிச்சுப் போடுகிறது. கடைசியில் வெளியே வருவது 7 முதல் 9 அமினோ அமிலம் உள்ள பெப்டைடு, ஏஐபி. அதன் கடைசி ஐந்து அமினோ அமிலங்களும் சிஸ்டீனின் கந்தகம் வழியாக ஒரு தயோலாக்டோன் வளையமாக மூடியிருக்கும். வளையம் பிளந்தால் வேலை போச்சு.

வெளியே சேர்ந்த ஏஐபி, அதே செல்லின் அல்லது பக்கத்துச் செல்லின் உணரியான ஏஜிஆர்-சி மேல் உட்காரும். ஏஜிஆர்-சி தன்மேல் ஒரு பாஸ்பேட் ஏற்றி அதைச் செல்லுக்குள் இருக்கும் ஏஜிஆர்-ஏ புரதத்திடம் கொடுக்கும். பாஸ்பேட் ஏறிய ஏஜிஆர்-ஏ இரண்டு புரோமோட்டர்களை (மரபணு வாசிப்பு தொடங்கும் இடங்கள்) திறக்கும். பி2 திறந்தால் ஏஜிஆர்-பி, டி, சி, ஏ நான்கும் இன்னும் அதிகமாக வரும். தன்னைத் தானே ஏற்றிவிடும் சுற்று என்பதால் இது சாய்வாக ஏறாமல் திடீரென்று எகிறும். பி3 திறந்தால் வருவதுதான் உங்கள் ஆர்என்ஏ-3.

இந்த ஆர்என்ஏ-3 514 நியூக்ளியோடைடு நீளம். இரட்டை வேலை பார்க்கிறது. 26 அமினோ அமிலமுள்ள டெல்டா நச்சுக்கான குறிப்பு இதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு பக்கம் ஆர்என்ஏ-ஆகவே மற்ற எம்ஆர்என்ஏ-க்களைப் பிடித்து ஆட்டுகிறது. ஆல்ஃபா நச்சின் எம்ஆர்என்ஏ தன் முன்பகுதியைத் தானே மடித்து மூடிக்கொண்டிருக்கும். ஆர்என்ஏ-3 அந்த மடிப்பைப் பிரித்து ரைபோசோமுக்கு இடம் கொடுக்கும். புரதம் ஏ-வின் எம்ஆர்என்ஏ-வில் நேர்மாறு, ரைபோசோம் உட்காரும் இடத்தையே மறைத்துவிடும். பிறகு ஆர்என்ஏஸ்-3 நொதி அந்த இரட்டையை வெட்டும். நச்சுகளை அடக்கி வைக்கும் ராட் என்ற புரதத்தையும் இதே முறையில் நிறுத்துகிறது. ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் குறைந்து, வெளியே சுரக்கும் நச்சும் புரோட்டியேஸும் கூடுவது இப்படித்தான். முழுச் செயலையும் செய்வது ஆர்என்ஏ-3 தான், டெல்டா நச்சு அல்ல என்று ரிச்சர்ட் நோவிக் குழு 1993-இல் காட்டியது. ஏஐபி அடையாளம் காணப்பட்டது 1995-இல்.

ஒன்று மட்டும் இந்தப் பாதையில் வராது: பிஎஸ்எம் எனப்படும், செல்லை உடைக்கும் சிறு பெப்டைடுகள். அவற்றின் புரோமோட்டரை ஏஜிஆர்-ஏ நேராகவே பிடிக்கிறது, ஆர்என்ஏ-3 தேவையில்லை.

ஆக இ-யில் பி3 வரை வண்டி போயிருக்கிறது. அதற்குப் பிறகு நின்றிருக்கிறது, அல்லது உங்கள் தட்டு காட்டவில்லை.

தட்டுவாசி எழுதியது:

தட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மனித இரத்தம் இந்த வேலைக்கு ஆகாது. இரத்த வங்கியில் காலாவதியான பையை வாங்கித் தட்டு ஊற்றும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆரியஸின் நச்சுகளைப் பிரித்துப் பார்க்க அதை நம்ப முடியாது. ஆல்ஃபா நச்சுக்கு முயல் செங்குருதியணு எளிதில் சிதையும், செம்மறி நடுத்தரம், மனித அணு ரொம்பத் தாங்கும். பீட்டா நச்சு ஸ்பிங்கோமயலினை வெட்டும் நொதி. செம்மறி அணுச் சவ்வில் அது நிறைய, மனித அணுவில் குறைவு. டெல்டா நச்சு எல்லா அணுவையும் உடைக்கும், ஆனால் சீரத்தில் உள்ள கொழுப்புப் புரதங்கள் அதைக் கட்டிப்போட்டுவிடும். பையில் இருப்பது பிளாஸ்மாவும் சேர்ந்த இரத்தம். நீங்கள் தேடுவது டெல்டாவை.

செம்மறி இரத்தத் தட்டில் குறுக்குக் கோடு போடுங்கள். முறை:

ஃபைப்ரின் நீக்கிய செம்மறி இரத்தம். 0.85 சதவீத உப்புநீரில் மூன்று முறை கழுவி, பழைய கனஅளவுக்கே திரும்பக் கலக்குங்கள். கழுவினால் டெல்டா தெளிவாகத் தெரியும். அகார் 45-லிருந்து 50 டிகிரிக்கு ஆறியதும் 5 சதவீதம் சேர்த்து, 90 மில்லிமீட்டர் தட்டுக்கு 15 மில்லி. 20-க்கு மேல் ஊற்றினால் அடியில் சிதையாத அணுக்கள் நின்று, வளையம் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது.

நடுவில் ஆர்என்4220 என்ற ஆய்வக விகாரத்தை (ஸ்ட்ரெய்ன்) நேர்கோடாக இழுங்கள். அதற்குச் செங்குத்தாக உங்கள் ஐசொலேட்டுகள். கோடுகள் தொடக்கூடாது, 2-3 மில்லிமீட்டர் இடைவெளி. 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம், பிறகு ஓர் இரவு 4 டிகிரி. குளிரில்தான் பீட்டா வளையம் முழுசாகத் தெளியும்.

ஆர்என்4220 பீட்டா நச்சை மட்டும் கொடுக்கும். அதன் கோட்டைச் சுற்றி அகலமான, மங்கலான பட்டை விழும். உங்கள் கோடு அந்தப் பட்டைக்குள் நுழையும் இடத்தில் கண்ணாடி போலத் தெளிந்த ஓர் ஆப்பு தெரிந்தால் டெல்டா இருக்கிறது. பீட்டாவும் டெல்டாவும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். ஆல்ஃபாவுக்கு நேர்மாறு: பட்டைக்கு வெளியே வளையம் இருக்கும், பட்டைக்குள் வந்ததும் மழுங்கிப்போகும். ஐசொலேட்டே சொந்தமாகப் பீட்டா கொடுத்தால் படம் குழம்பும். மனிதரிடமிருந்து வரும் பெரும்பாலானவற்றில் பீட்டா மரபணுவுக்குள் ஒரு ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) புகுந்து உட்கார்ந்திருப்பதால் இந்தத் தொல்லை அதிகம் வராது.

ஒவ்வொரு தட்டிலும் ஏஜிஆர் சரியாக உள்ள ஒரு விகாரமும் அதிலேயே ஏஜிஆர் நீக்கிய ஒன்றும் கட்டாயம். அவை இல்லாத தட்டை நான் படிக்க மாட்டேன்.

வடமராட்சி எழுதியது:

குழாயில வளர்த்த விதத்தையும் பார்க்க வேணும். அதிலயும் பிழை இருக்கு.

டிஎஸ்பியில லீற்றருக்கு 2.5 கிராம் குளுக்கோசு இருக்கு. 15 மில்லி குழாயில 10 மில்லி ஊத்தி மூடினா காற்று போதாது. பக்றீரியா குளுக்கோசை அசற்றிக் அமிலமாயும் லக்றிக் அமிலமாயும் மாத்தும், பிஹெச் 6க்குக் கீழ போகும். அமிலச் சூழல்ல ஏஜிஆர் அடங்கும். உங்கட ‘ஆ’ உண்மையிலேயே பழுதா, அல்லது மற்ற ரெண்டையும் விட வேகமா அமிலம் விட்டுத் தன்னைத் தானே அடக்கிச்சுதா எண்டு இந்தக் குழாயால சொல்ல ஏலாது.

125 மில்லி குடுவையில 12 மில்லிக்கு மேல ஊத்தாதேங்கோ. நிமிசத்துக்கு 200 சுற்றுக்குக் குறையாமல் குலுக்க வேணும். டெக்ஸ்ட்ரோசு சேர்க்காத டிஎஸ்பி வாங்கலாம். கிடைக்காட்டி 50 மில்லிமோலார் எம்ஓபிஎஸ் பஃபர் போட்டு பிஹெச்சை 7.4இல வையுங்கோ. ஒவ்வொரு தடவை மாதிரி எடுக்கேக்கயும் ஒரு துளியைப் பிஹெச் தாளில தொட்டுப் பாருங்கோ. ஒரு நிமிச வேலை.

ரெண்டாவது, முதல்நாள் இரவு வளர்ப்பில இருந்து ஊத்தேக்க அதுக்குள்ள இருக்கிற ஏஐபியும் ஆர்என்ஏ-3உம் சேர்ந்தே வரும். நூறில ஒண்டா ஊத்தினா ஆரம்பத்திலயே சுற்று கொஞ்சம் எரிஞ்சுகொண்டிருக்கும். ஓடி (வளர்ப்பின்ர கலங்கல் அளவு) 0.05இல தொடங்கி, 0.5 வந்ததும் திரும்ப 0.05க்கு ஐதாக்கி, அதுக்குப் பிறகு நேரம் எண்ணுங்கோ. ஊத்த முதல் செல்லைச் சுழற்றி ஒருக்கா கழுவினா இன்னும் நல்லது.

இரட்டைச்சுருள் எழுதியது:

மிக்க நன்றி. 16 மணி நேரம் என்று ஒரே புள்ளி எடுத்ததும் தவறோ? அந்த நேரத்தில் எல்லாம் உச்சத்தில் இருக்கும் என்று நினைத்து எடுத்தது.

சிடி_முப்பது எழுதியது:

ஒரே புள்ளி எடுத்ததுதான் இதில் பெரிய தவறு என்று நினைக்கிறேன். ஆர்என்ஏ-3 சாதாரண எம்ஆர்என்ஏ மாதிரி இல்லை. பாக்டீரியாவின் பெரும்பாலான எம்ஆர்என்ஏ சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஆர்என்ஏ-3 மடிந்து மடிந்து இறுகியிருப்பதால் வெகுநேரம் நிற்கும். 16 மணி நேரத்தில் நீங்கள் அளப்பது அதுவரை சேர்ந்த கையிருப்பை. சுற்று ஐந்தாம் மணி நேரத்தில் எரிந்ததா பன்னிரண்டாம் மணி நேரத்தில் எரிந்ததா என்று அது சொல்லாது. இந்த நிமிடம் பி2 திறந்திருக்கிறதா என்று பார்க்க ஏஜிஆர்-ஏ அல்லது ஏஜிஆர்-சி மேல் பிரைமர் போட்டு, பி2-இலிருந்து வரும் ஆர்என்ஏ-2-ஐயும் அளக்க வேண்டும். பி3-இல் பச்சை ஒளிர் புரதத்தை மாட்டிய ரிப்போர்ட்டருக்கும் இதே குறை உண்டு. அந்தப் புரதமும் லேசில் அழியாது.

ஓடி 0.5, 1, 2, 4, பிறகு 16 மணி நேரம். ஐந்து புள்ளி, மூன்று தனித்தனி வளர்ப்பு.

ஆர்என்ஏ எடுக்கும்போது:

குடுவையை இன்குபேட்டரிலிருந்து எடுத்த நிமிடத்திலேயே நிலைப்படுத்துங்கள். ஒரு பங்கு வளர்ப்புக்கு இரண்டு பங்கு ஆர்என்ஏ-ப்ரொடெக்ட், அல்லது சம அளவு பனிக்குளிர்ந்த அசிட்டோன்-எத்தனால் கலவை. சுழற்றிவிட்டுப் பிறகு நிலைப்படுத்தினால் அந்தப் பத்து நிமிடத்தில் ஆர்என்ஏ-2 குறைந்துவிடும், ஆர்என்ஏ-3 அப்படியே நிற்கும். விகிதம் பொய்யாகும்.

ஆரியஸின் சுவர் டிரைசாலுக்கு மட்டும் மசியாது. 0.1 மில்லிமீட்டர் சிர்கோனியா மணிகளோடு 40 விநாடி ஆட்டி, 2 நிமிடம் பனியில் வைத்து, மறுபடி 40 விநாடி. லைசோஸ்டாஃபின் (சுவரை வெட்டும் நொதி) போடுவதென்றால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம், 37 டிகிரியில் 10 நிமிடம், நிலைப்படுத்திய செல்லில் மட்டும். சுவர் தடித்த விகாரங்கள், வான்கோமைசின் மருந்துக்குப் பாதி பணியும் ரகம், லைசோஸ்டாஃபினுக்கு மெதுவாகத்தான் உடையும். ‘ஆ’ அப்படிப்பட்டதாக இருந்தால் அதிலிருந்து வரும் ஆர்என்ஏ குறைவாகவே இருக்கும். அதனால் மூன்றுக்கும் மணிமுறையே மேல்.

டிஎன்ஏஸ் (டிஎன்ஏ-வை அழிக்கும் நொதி) இரண்டு முறை. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏ-வை சிடிஎன்ஏ-வாக நகலெடுக்கும் நொதி) போடாத கண்ட்ரோல் ஒவ்வொரு மாதிரிக்கும் வேண்டும். அதன் சிடி குறைந்தது 7 சுற்று தள்ளி வர வேண்டும். பாக்டீரியாவில் இன்ட்ரான் இல்லாததால் ஜீனோமிக் டிஎன்ஏ-வை பிரைமர் வைத்துத் தவிர்க்கும் வழி கிடையாது. டெல்டா நச்சுப் பகுதியில் பிரைமர் போட்டாலும் நீங்கள் அளப்பது ஆர்என்ஏ-3-ஐயே. இரண்டும் ஒரே மூலக்கூறு.

சிடி 9 என்பது ஆபத்தான இடம். கருவி பின்னணி ஒளியைக் கணக்கிட எடுக்கும் ஆரம்பச் சுற்றுகளுக்குள் சிக்னல் வந்துவிட்டால் மதிப்பு கெடும். ஆர்என்ஏ-3-க்கு மட்டும் சிடிஎன்ஏ-வை ஆயிரத்தில் ஒன்றாக ஐதாக்குங்கள், சிடி 18-20 ஆகும். ஸ்டாண்டர்ட் கர்வின் சாய்வு மைனஸ் 3.1-க்கும் மைனஸ் 3.6-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

ஜைர்-பி தனியாகப் போதாது. வளர்ச்சி நிற்கும் கட்டத்தில் அதுவே குறையும். ஒப்பீட்டு மரபணு இறங்கினால் ஆர்என்ஏ-3 ஏறியதாகத் தெரியும். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று மரபணு எடுத்து, உங்கள் ஐந்து புள்ளியிலும் அவை ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று முதலில் சோதியுங்கள். 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ வேண்டாம், அளவு மிக அதிகம்.

ஊதா_கோக்கை எழுதியது:

சிடி_முப்பது சொன்ன நேரக்கோடு இ-க்கு மிக முக்கியம். ஆர்என்ஏ-3 இருந்தும் ஆல்ஃபாவும் டெல்டாவும் இல்லாத நிலைக்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று ஏஜிஆர்-ஏ மரபணுவின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அங்கே ஏழு அடினின் வரிசையாக வரும். டிஎன்ஏ நகலாகும்போது இழை ஓர் எழுத்து வழுக்கினால் எட்டாகிவிடும், புரதத்தின் வால்முனை மாறிப்போகும். விளைவு: ஏஜிஆர் தாமதமாகத் தொடங்கும், ஆல்ஃபா, டெல்டா இரண்டும் புரதமாக மொழிபெயர்வதும் தவறும். இது ஆர்என்4220 விகாரத்திலேயே இருக்கிறது. தட்டுவாசியின் தட்டில் அது பீட்டா மட்டும் தருவது இதனால்தான். நோயாளி ஐசொலேட்டுகளிலும் இதே எட்டு அடினின் கிடைத்திருக்கிறது. 16 மணி நேரத்தில் பார்த்தால் ஆர்என்ஏ-3 நிறையத் தெரியும், தாமதம் மறைந்துவிடும்.

இன்னொன்று, சிசி30 வம்சத்தில் பரவலான சில விகாரங்களில் ஆல்ஃபா நச்சு மரபணு நடுவிலேயே நிறுத்தக் குறியோடு இருக்கும். அப்படியானால் ஆல்ஃபா இருக்காது, டெல்டா இருக்கும். ஏஐபி-யின் வரிசையைப் பொறுத்து ஏஜிஆர் நான்கு வகை. சிசி30-இல் அது மூன்றாம் வகை என்பதால் வகை பிசிஆர் போட்டால் ஒரு துப்பு கிடைக்கும். ஆல்ஃபா நச்சு மரபணுவை வாசிக்கச் சொல்லும் சேஈ என்ற இன்னொரு கட்டுப்பாட்டு அமைப்பு பழுதானாலும் ஆல்ஃபா போகும்.

குறுக்குக் கோட்டுத் தட்டு இந்த இரண்டையும் பிரித்துவிடும்.

காய்ச்சல்வார்டு எழுதியது:

ஆய்வகப் பக்கம் தெளிவாகிவிட்டது. கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். செல்கள் ஒரு மில்லியில் கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் கோரம் சென்சிங் என்று படிக்கிறோம். இரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒன்றிரண்டு பாக்டீரியா இருந்தாலே பெரிது. அங்கே ஏஜிஆர் எப்படி எரியும்?

ஊதா_கோக்கை எழுதியது:

ஏஜிஆர்-சி தலையை எண்ணுவதில்லை. தன்னைச் சுற்றி ஏஐபி எவ்வளவு அடர்த்தி என்பதை மட்டும் உணர்கிறது. அந்த அடர்த்தியைத் தீர்மானிப்பது எத்தனை செல் என்பதோடு, எவ்வளவு இடம் என்பதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏஜிஆர்-சி-க்குத் தேவை நானோமோலார் அளவு, 10 என்று வைப்போம். ஒரு மில்லி டிஎஸ்பியில் 10 நானோமோலார் என்றால் 6 லட்சம் கோடி மூலக்கூறு. பத்துக் கோடி செல் இருந்தால் தலைக்கு அறுபதாயிரம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒரு பாக்டீரியாவை விழுங்கி இறுக்கமாக மூடும்போது செல்லைச் சுற்றி மிஞ்சும் நீர் ஒரு ஃபெம்டோலிட்டர் என்று கொள்ளுங்கள். அதற்குள் ஒரே ஒரு மூலக்கூறு இருந்தாலே 1.7 நானோமோலார். ஆறு மூலக்கூறு போதும். ஒற்றைச் செல் தன் குரலைத் தானே கேட்டுக்கொள்கிறது. விழுங்கப்பட்ட ஆரியஸ் உள்ளிருந்து பிஎஸ்எம் விட்டு அந்தப் பையையும் நியூட்ரோஃபிலையும் உடைத்துக்கொண்டு வெளியே வருவது இந்த வழியில்.

திறந்த இரத்தத்தில் நிலைமை தலைகீழ். கொழுப்பைச் சுமக்கும் எல்டிஎல், விஎல்டிஎல் துகள்களில் இருக்கும் அப்போ-பி புரதம் ஏஐபி-யைப் பிடித்துக்கொள்ளும். ஹீமோகுளோபினும் ஏஜிஆரைத் தணிக்கிறது. அடர்த்தி குறைவு, ஓட்டம் வேறு. இரத்தத்தில் சுற்றும் செல் பெரும்பாலும் ஏஜிஆர் அணைந்த நிலையில், ஒட்டிக்கொள்ளும் புரதங்களை மேலே போர்த்தியபடி இருக்கும். அப்போதைக்கு அதற்கு வேண்டியதும் அதுதான், ஒட்ட ஓர் இடம்.

நியூட்ரோஃபில் சும்மா இருப்பதில்லை. அதன் மயலோபெராக்சிடேஸ் நொதி செய்யும் ஹைப்போகுளோரஸ் அமிலம் ஏஐபி-யின் கடைசியில் உள்ள மெத்தியோனினை ஆக்சிஜனேற்றிச் செயலிழக்கச் செய்யும். இது முதல் வகைக்கும் நான்காம் வகைக்கும் பொருந்தும். அந்த இரண்டு ஏஐபி-யிலும் கடைசி எழுத்து மெத்தியோனின். இரண்டுக்கும் ஐந்தாவது இடத்தில் மட்டுமே வித்தியாசம், ஒன்றில் அஸ்பார்டிக் அமிலம், மற்றதில் டைரோசின். இரண்டாம், மூன்றாம் வகை ஏஐபி-யில் மெத்தியோனினே இல்லை.

வடமராட்சி எழுதியது:

இதோட ஒண்டு சேர்க்க வேணும். ஏஜிஆர் தனிய ஆடுறதில்லை. உடம்பை நேராப் பார்க்கிற கண் எண்டால் அது சேஈ. நியூட்ரோஃபில் விடுற ஆல்ஃபா டிஃபென்சின்கள் (கிருமியைக் கொல்லுற சிறு பெப்டைடுகள்) சேஈயின்ர உணரியான சேஈ-எஸ்ஸைத் தூண்டும், அதின்ர கூட்டாளி சேஈ-ஆர் ஆல்ஃபா நச்சு மரபணுவை வாசிக்கச் சொல்லும். ஆர்என்ஏ-3 அந்த எம்ஆர்என்ஏவைப் புரதமாக்க விடும். ஒண்டு எழுதுது, மற்றது வாசிக்க விடுது. ரெண்டில எது இல்லாட்டியும் நச்சு வராது. டிஎஸ்பியில டிஃபென்சின் இல்லை. குழாயில காணுறதும் சீழில நடக்கிறதும் வேற வேற எண்டதுக்கு இதுவே போதும்.

பட்டினியும் ஒரு தகவல். கோட்-வை எண்ட புரதம் ஐசோலூசின், லூசின், வேலின் மூண்டையும் ஜிடிபியையும் பார்த்துக்கொண்டிருக்கும். அவை நிறைய இருந்தா ஏஜிஆரை அமத்தி வைக்கும். தீர்ந்தாக் கையை எடுக்கும், நச்சும் புரோட்டியேசும் வெளியில வந்து திசுவை உடைச்சு உணவாக்கும்.

ஒப்பீட்டுக்கு நியூமன் விகாரத்தை வைக்கிறவைக்கு ஒரு எச்சரிக்கை. அதில சேஈ-எஸ்ஸின்ர 18ஆம் இடத்தில லூசினுக்குப் பதிலாப் புரோலின். தூண்டல் இல்லாமலே எப்பவும் எரியும். 8325 எண்ட ஆய்வக வம்சத்தில ஆர்எஸ்பி-யூ மரபணுவில 11 எழுத்து இல்லை, சிக்மா-பி எண்ட கட்டுப்பாட்டுப் புரதம் சரியா வேலை செய்யாது, அதால ஏஜிஆர் அளவுக்கு மீறித் தெரியும். அந்த வம்சம்தான் வேணும் எண்டால் ஆர்எஸ்பி-யூ திருத்தின எஸ்ஹெச்1000 எடுக்கலாம்.

காய்ச்சல்வார்டு எழுதியது:

அருமை. ‘ஆ’ பற்றி ஒன்று. நாள்கணக்கில் தொடரும் இரத்தத் தொற்றில் ஏஜிஆர் கெட்ட ஐசொலேட்டுகள் கிடைப்பது பலமுறை பதிவாகியிருக்கிறது. வான்கோமைசினுக்குப் பாதி பணியும் விகாரங்களிலும் அப்படியே. நச்சு குறைவு என்பதால் நோயாளிக்கு ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. கடுமையாக நோயுற்றவர்களில் ஏஜிஆர் கெட்ட ஐசொலேட்டோடு இறப்பு கூடுதலாகத் தொடர்புபட்டிருப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏஜிஆர் அணைந்த செல் பிளாஸ்டிக்கிலும் இதய வால்விலும் நன்றாக ஒட்டிப் பயோஃபிலிம் கட்டும். ஏஜிஆர் எரிந்தால் புரோட்டியேஸும் பிஎஸ்எம்-மும் வந்து அந்தப் படலம் கரைந்து செல்கள் கிளம்பும்.

ஏஐபி-யைத் தடுத்து மருந்தாக்கலாம் என்ற எண்ணத்துக்கும் இது இடர். நான்கு வகைகளில் பெரும்பாலும் ஒரு வகையின் ஏஐபி மற்ற வகையின் ஏஜிஆர்-சி-யை அடைத்துவிடும், எனவே தடுப்பான் செய்வது முடியும். எலியின் தோலடிச் சீழ்க்கட்டியில் தொற்றோடு சேர்த்து ஒருமுறை தடுப்பான் கொடுத்ததே கட்டி உருவாகாமல் நிறுத்தியதை நோவிக் குழு 2005-இல் வெளியிட்டது. தோல் கட்டிக்கு, ஆரம்ப மணி நேரங்களில், ஒப்புக்கொள்கிறேன். உடம்பில் கதீட்டர் அல்லது செயற்கை வால்வு இருக்கும் ஒருவருக்கு ஏஜிஆரை அணைப்பது பயோஃபிலிமுக்கு உதவி செய்வதாகிவிடும். அதை நான் பயத்தோடுதான் பார்ப்பேன்.

தட்டுவாசி எழுதியது:

‘ஆ’-வில் எத்தனை காலனி எடுத்துப் பார்த்தீர்கள்? ஒன்று என்றால் அது போதாது. ஒரே நோயாளியில் ஏஜிஆர் உள்ளதும் இல்லாததும் கலந்தே இருக்கும். மேலும் ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தாலே ஏஜிஆர் கெட்டவை பெருகும், ஏனென்றால் ஆர்என்ஏ-3-யும் நச்சும் செய்யும் செலவு அவற்றுக்கு இல்லை. முதல் தட்டிலிருந்து நேராக 20 சதவீத கிளிசராலில், மைனஸ் 80 டிகிரியில் வைத்த குப்பிக்குப் போங்கள். அதிலிருந்து செம்மறித் தட்டில் பரப்பி, பார்வைக்கு எப்படி இருந்தாலும் வரிசையாகப் பன்னிரண்டு காலனி எடுத்து ஒவ்வொன்றையும் குறுக்குக் கோடு போடுங்கள். வளையம் உள்ளதைத் தேடி எடுத்தால் முடிவை நீங்களே எழுதியதாகிவிடும்.

இரட்டைச்சுருள் எழுதியது:

எல்லாவற்றையும் மாற்றிச் செய்த முடிவு:

கழுவிய செம்மறி இரத்தம், 15 மில்லி தட்டு, ஆர்என்4220 குறுக்குக் கோடு, இரண்டு கண்ட்ரோலும் சரியாக வந்தன. அ: பட்டைக்கு வெளியே ஆல்ஃபா வளையம், உள்ளே தெளிந்த ஆப்பு. இ: ஆல்ஃபாவும் இல்லை, ஆப்பும் இல்லை. நான்கு டிகிரியில் வைத்த பிறகும் இல்லை.

ஆ: குப்பியிலிருந்து எடுத்த பன்னிரண்டு காலனியில் மூன்றில் ஆப்பு, ஒன்பதில் இல்லை. முதலில் கியூபிசிஆருக்குப் போனது அந்த ஒன்பதில் ஒன்றின் ரகம்.

நேரக்கோடு, டெக்ஸ்ட்ரோஸ் இல்லாத டிஎஸ்பி, 12 மில்லி குடுவை, ஒப்பீட்டு மரபணு மூன்று, ஆர்என்ஏ-3-க்கு ஆயிரத்தில் ஒன்று. பிஹெச் கடைசி வரை 7-க்கு மேல். அ-வில் ஆர்என்ஏ-3 ஓடி 2-இல் எகிறுகிறது. இ-யில் ஓடி 4 வரை தரைமட்டம், 16 மணி நேரத்தில் மட்டும் அ-வை நெருங்குகிறது. அந்த ஒரு புள்ளியைத்தான் முதலில் பார்த்தது. ஏஜிஆர்-ஏ-வின் கடைசிப் பகுதியை இரண்டு பக்கமிருந்தும் சீக்வென்ஸ் செய்ததில் எட்டு அடினின்.

சிடி_முப்பது எழுதியது:

சீக்வென்ஸ் படத்தில் அந்த இடத்தைக் கண்ணால் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரே எழுத்து வரிசையாக வரும் இடத்தில் பிசிஆர் நொதியே வழுக்கி ஏழை எட்டாக்கலாம். உச்சிகளுக்கு அடியில் சிறிய இரட்டை நிழல் தெரிந்தால், பிழைதிருத்தும் நொதி வைத்து மூன்று தனித்தனி பிசிஆர் செய்து மறுபடி அனுப்புங்கள். அ-வையும் கூடவே அனுப்புங்கள். அதில் ஏழு வர வேண்டும்.

இரட்டைச்சுருள் எழுதியது:

பார்த்தேன். நிழல் இல்லை, இரண்டு திசையிலும் எட்டு. இருந்தாலும் மூன்று பிசிஆரும் அ-வும் நாளை போகின்றன.